பெட்டிக்குப் பின்னால் இருந்த சுவர்

சம்பந்தியம்மா முதல் கவளத்தைக் கையில் எடுத்த நேரம் பார்த்து, எங்கள் வீட்டு எலி ஒன்று அவர் இலையைச் சுற்றிக்கொண்டு ஓடியது. என் தங்கைக்குக் கல்யாணமான முதல் ஆடி அது. ஆடி முடிந்து மருமகளை அழைத்துப் போகப் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். அவர் கத்தவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை. இலையை மூடிவிட்டு, "பசியில்லீங்க" என்று எழுந்துகொண்டார். எங்கள் பக்கத்தில் திட்டுவதானாலும் ஒரு 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்கள். அந்த 'ங்க'வின் சூடு பட்டவனுக்குத்தான் தெரியும்.

அவர்மேல் தப்புச் சொல்ல முடியாது. கோயமுத்தூரில் பிளேக் வந்தபோது ஊரே வீட்டைப் பூட்டிக்கொண்டு காட்டில் குடிசை போட்டுக் கிடந்ததை நேரில் பார்த்தவர். எலி என்றால் அவருக்கு எமன். எங்களுக்கோ அது கூடவே குடியிருக்கும் பங்காளி.

இது நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில். தொண்டாமுத்தூரிலிருந்து மலைப்பக்கம் தள்ளி எங்கள் தோட்டம், தோட்டத்துக்கு நடுவில் ஓட்டு வீடு. தங்கை சின்னப் பெண்ணாக இருக்கும்போதே அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். தங்கை இருந்தவரைக்கும் வீடு வீடாக இருந்தது. அவளும் கல்யாணமாகிப் போன பிறகு மிஞ்சியது அப்பாவும் நானும்தான். இரண்டு ஆம்பிளைகள் குடியிருக்கும் வீடு எப்படி இருக்கும்? நடுவீட்டில் கிணற்றுக் கயிறும், தண்ணீர் இறைக்கிற தோல் பறியும் நாற்றத்தோடு கிடந்தன. உள் அறையில் கூரை முட்டப் பருத்தி மூட்டை. பரணில் புகையிலைக் கட்டு. சாமி படத்துக்குப் பக்கத்தில் ஏர்க்கொழு. கோழி ராகிக் குதிருக்குப் பின்னால் முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சும் பொரித்துக் கூட்டிக்கொண்டு வந்தபோதுதான் அங்கே ஒரு கோழி குடியிருந்ததே எங்களுக்குத் தெரிந்தது.

மறுவருஷம் தங்கை முழுகாமல் இருந்தாள். வளைகாப்புக்குப் போனோம். அப்பா முறைப்படி, "புள்ளையைப் பிரசவத்துக்குக் கூட்டீட்டுப் போறமுங்க" என்று கேட்டார். சம்பந்தியம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்:

"தலைப்பிரசவம் தாய் ஊட்டுலதானுங்க, நான் இல்லீன்னு சொல்லல. ஆனா தாய் இருந்தாத்தானுங்க அது தாய் ஊடு?"

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அப்பா என் தொடையில் கையை வைத்து அழுத்தினார். அந்த அழுத்தத்துக்கு 'வாயை மூடு' என்று அர்த்தம்.

"நியாயந்தானுங்க" என்றார். "எந் தங்கச்சி வந்து பிரசவம் முடியற வரைக்கும் கூட இருப்பா. ஊட்டையும் சுத்தம் பண்ணி வெக்கறனுங்க. ஒம்பதாம் மாசம் பொறக்கறதுக்குள்ள நீங்க ஒரு நடை வந்து பாருங்க. பார்த்துப்போட்டு வேண்டாம்னீங்கன்னா, அப்புறம் நான் வாயே தொறக்கலீங்க."

கிளம்பும்போது தங்கை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வளையல். "அண்ணா, அந்த எலியை மட்டும் எப்படியாவது தொரத்திப்போடு. எனக்கு நம்ம ஊட்டுலதான் பெத்துக்கோணும்" என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கண் நிறைந்திருந்தது. வழி நெடுக அந்தக் கண்தான் எனக்கு ஞாபகம்.

அப்பாவுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. யாரையும் கேட்டுச் செய்யவும் தெரியாது. முதல் குணம் நல்லது. இரண்டாவதால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

பருத்தியும் புகையிலையும் மாட்டுச் சாளைக்குப் போயின. தோல் பறி கிணற்றடிக்குப் போனது. மூங்கில் கழியில் ஈச்சமாரைக் கட்டி நான் ஒட்டடை அடித்தேன். தங்கை போன நாள் முதல் சேர்ந்த ஒட்டடை முழுவதும் என் தலையில்தான் விழுந்தது. கயிற்றுக் கட்டிலை வெயிலில் போட்டுக் கொதிக்கிற வெந்நீரை ஊற்றினோம். மூட்டைப்பூச்சி வெளியே வந்த வேகத்தைப் பார்த்து, இவ்வளவு நாள் இதிலா படுத்திருந்தேன் என்று எனக்கே உடம்பு அரித்தது. எலி வளைகளைக் கண்ணாடிச் சில்லும் களிமண்ணும் போட்டு அடைத்தோம். ஒரு வளையிலிருந்து பழந்துணி மூட்டைக்கு நேராக வழி போயிருந்தது. மூட்டையை உதறினால் எலிக்குஞ்சுகள்.

அப்பா முகம் கறுத்துவிட்டது. "இதுக்குத்தான்டா அந்தம்மா எலையை மூடீட்டு எந்திரிச்சாங்க" என்றார். வீட்டில் இருந்த கிழிசல் வேட்டி, பழைய துண்டு, நைந்த போர்வை, தங்கை விட்டுப் போன பழைய பாவாடை தாவணி எல்லாவற்றையும் களத்துமேட்டில் குவித்துக் கொளுத்தினார். தீ நன்றாக எரிந்தது. தொல்லை ஒழிந்தது என்று இரண்டு பேரும் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மதுக்கரைப் பக்கத்திலிருந்து ஒரு வண்டி சுண்ணாம்புக் கல் வந்தது. தாழியில் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் குபுகுபுவென்று கொதித்தது. தென்னை மட்டையை நசுக்கித் தூரிகையாக்கிச் சுவர் பூராவும் நான் அடித்தேன். வெள்ளை எடுப்பாக இருக்கட்டும் என்று நீலத்தை அள்ளிக் கொட்டிவிட்டேன் போலிருக்கிறது. காய்ந்த பிறகு பார்த்தால் வீடு முழுக்க வானத்தின் நிறம். "குளுகுளுன்னு இருக்குது, உடு" என்றார் அப்பா. தரைக்குச் சாணம் மெழுகியதும் நான்தான். முதல் தடவை அடை மாதிரித் தடிமனாகப் பூசி, அது காய்ந்து பாளம் பாளமாக வெடித்தது. தங்கை எப்படி மெழுகுவாள் என்று நினைத்து நினைத்துப் பார்த்து, தண்ணீராகக் கரைத்து, கையை அகல வீசி மறுபடி மெழுகினேன். இந்தத் தடவை தரை சொன்ன பேச்சுக் கேட்டது.

உள் அறையில்தான் பிரசவம் என்று முடிவு செய்திருந்தோம். அந்த அறையின் மூலையில் அம்மாவின் மரப்பெட்டி இருந்தது. அவள் போன பிறகு அவளுடைய சேலைகளை அதில் வைத்துப் பூட்டிச் சாவியை அப்பா அரைஞாணில் முடிந்துகொண்டார். தங்கைகூடத் திறந்து பார்த்ததில்லை. சுண்ணாம்பு அடிக்கும்போது, "அப்பா, பெட்டியை ஒரு கை பிடிங்க, நகர்த்திப்போடலாம்" என்றேன்.

"அதை நான் பார்த்துக்கறேன். நீ சுத்தி அடி" என்றார்.

சுற்றித்தான் அடித்தேன். அவர் பார்த்துக்கொள்ளவில்லை.

கடைசியாக அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு கோயமுத்தூருக்குப் போய்க் கோட்டைமேட்டில் ஒரு ராவுத்தர் கடையில் மல்துணி பீஸ் பீஸாக வாங்கினார். கடைக்காரர் அளந்துகொண்டே, "குழந்தைக்கு எத்தனை மாசம்?" என்று கேட்டார். இன்னும் பிறக்கவில்லை என்று அப்பா சொன்னதும், அவர் துணியைக் கீழே வைத்துவிட்டு, "ஊட்டுல பொம்பளைகளைக் கேட்டீங்களா?" என்றார். "எங்க ஊட்டுப் புள்ளைக்கு எல்லாமே புதுசுதானுங்க" என்று அப்பா மார்தட்டினார். கடைக்காரர் ஏதோ சொல்ல வந்து, வியாபாரத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டார்.

சொன்னபடி சம்பந்தியம்மா வந்தார். நான் கோயமுத்தூரில் பஸ் நிற்கிற இடத்தில் காத்திருந்து வண்டியில் அழைத்து வந்தேன். வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நேராக வீட்டுக்குள் போனார். பரணை எட்டிப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். உத்தரத்தில் விரலை வைத்துத் தேய்த்து விரலைப் பார்த்தார். அப்பா பின்னாலேயே போனார், பரீட்சை எழுதியவன் வாத்தியார் பின்னால் போகிற மாதிரி.

"நீலம் கொஞ்சம் தூக்கலாப் போச்சுங்களே" என்று என்னைப் பார்த்தார். உதட்டோரம் சிரிப்பு இருந்தது. எனக்கு உயிர் வந்தது.

உள் அறைக்குள் போனார். மூலையில் நின்றார்.

"ஏனுங்க சம்பந்தி, இந்தப் பெட்டிக்குப் பின்னால சுண்ணாம்பு படலீங்களே?"

அப்பா தொண்டையைச் செருமினார். "அது அவ சேலைப் பெட்டிங்க."

சம்பந்தியம்மா கட்டிலில் உட்கார்ந்து, "செரி, குழந்தைக்குத் துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டீங்களா?" என்றார். அப்பா இதற்காகவே காத்திருந்தவர். ஓடிப்போய்ப் புது மல்துணியைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். சம்பந்தியம்மா அதைத் தொட்டுப் பார்த்தார். கஞ்சி மொடமொடத்தது.

"இது பிஞ்சு ஒடம்புல பட்டா என்னாகுமுங்க? பச்சைக் குழந்தையைப் பழந்துணியிலதானுங்க ஏந்தோணும். பழஞ்சேலை எங்க வெச்சிருக்கறீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"எரிச்சுப்போட்டமுங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"புள்ளை பொறக்கப்போற ஊட்டுல பழந்துணியை எரிச்ச ஆளுகளை இப்பத்தானுங்க நான் பார்க்கறேன்" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். சிரிக்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "எங்க ஊட்டுல இருந்து ஒரு மூட்டை கொண்டாந்துருவேன், அது பெருசில்ல. ஆனா புள்ளையை ஏந்தற துணிகூட மாமியா ஊட்டுல இருந்து வரோணும்னா, அவ எதுக்குங்க இவ்வளவு தூரம் வரோணும்?"

அவர் சொன்னதில் குத்தல் இல்லை, அதுதான் எனக்கு வலித்தது. தோற்றுவிட்டோம் என்று நினைத்தேன். தங்கையிடம் போய் என்ன சொல்வது? எலியைத் துரத்திவிட்டேன், ஆனால் நீ வர வேண்டாம் என்றா?

அப்பா பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய், ஒருவரையும் கூப்பிடாமல், தானே அதை இழுத்து நடு அறைக்குக் கொண்டுவந்தார். பின்னால் சுவரில் பெட்டியின் அளவுக்குப் பழைய அழுக்கு சதுரமாகத் தெரிந்தது. அரைஞாணில் இருந்த முடிச்சு அவிழ மறுத்தது. பல்லால் கடித்து அவிழ்த்தார்.

மூடியைத் திறந்ததும் வசம்பு வாசம் வந்தது. பூச்சி அண்டாமல் இருக்க அவர்தான் அன்றைக்குப் போட்டிருக்க வேண்டும். அடியில் ஆறேழு சேலைகள். கட்டிக் கட்டித் துவைத்துத் துவைத்துப் பூவாக மெத்தென்று ஆனவை. சம்பந்தியம்மா எழுந்து வந்து ஒன்றைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பூவும் பொட்டுமாப் போன மகராசி கட்டுன சேலைங்க. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். அப்புறம் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க வேணா வெளிய போயி இருங்க. நான் கிழிச்சுக்கறேன்" என்றார்.

"இல்லீங்க. நானே."

கரையில் பல்லை வைத்து ஒரு கடி கடித்து அப்பா இழுத்தார். பர்ரென்று கிழிந்த சத்தத்தில் எனக்கு உள்ளே என்னவோ சேர்ந்து கிழிந்தது. அந்தச் சேலை முந்தானையில்தான் அம்மா எனக்கு மூக்குத் துடைத்திருக்கிறாள். அப்பா கண்ணைத் துடைக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. ஒவ்வொன்றாகக் கிழித்துச் சம்பந்தியம்மாவிடம் கொடுத்தார், அவர் மடித்து அடுக்கினார். கடைசியில் வெந்தய நிறத்தில் பச்சைக் கரை போட்ட சேலை ஒன்று மிஞ்சியது. அம்மா தோட்டத்துக்கும் வீட்டுக்கும் எப்போதும் கட்டியிருந்தது அதுதான். அப்பா அதை எடுத்தார், மடியில் வைத்துக்கொண்டிருந்தார், பிறகு திரும்பவும் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

சம்பந்தியம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி வசம்புத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். "இதுவும் குழந்தைக்கு ஆச்சு" என்றார். அப்புறம்தான் தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

"பொன் கெடைச்சாலும் புதன் கெடைக்காதும்பாங்க. வார புதன்கிழமை வந்து அம்மணியைக் கூட்டீட்டுப் போங்க. அதுக்குள்ள அந்தச் செவுத்துக்கும் ஒரு கை சுண்ணாம்பு அடிச்சுருங்க."

அன்று சாயங்காலமே அடித்தேன். நீலம் தீர்ந்துபோயிருந்ததால் அந்தச் சதுரம் மட்டும் பளீரென்று வெள்ளையாக நின்றது. தங்கை வந்து இறங்கியதும் முதலில் கேட்டது அதைப் பற்றித்தான். நான் துணி அடுக்கைக் காட்டினேன். அவள் ஒன்றை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள், பிறகு கேட்கவில்லை.

ஐப்பசி மழையில் அப்பாவுக்குப் பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் சுகம். எங்கள் அத்தை வந்திருந்து எல்லாம் பார்த்துக்கொண்டார். ஒன்றுதான் அவர் கையில் இல்லை. மழை விடவே இல்லை, குழந்தையும் வானத்துக்குப் போட்டியாகப் பெய்துகொண்டிருந்தாள். கொடியில் போட்ட துணி எதுவும் காயவில்லை. கங்குச் சட்டிமேல் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் விரித்துக் காய வைத்தும் கட்டுப்படியாகவில்லை. ஒரு மத்தியானம், "அத்தை, ஒரு துணிகூடக் காஞ்சதில்லீங்களே" என்று தங்கை உள்ளேயிருந்து சொன்னது வாசலில் நின்ற எங்களுக்குக் கேட்டது.

அப்பா தலையில் போட்டிருந்த கோணிச்சாக்கை உதறி வைத்துவிட்டு உள்ளே போனார். பெட்டியைத் திறந்தார். இப்போது அதற்குப் பூட்டும் இல்லை. வெந்தயச் சேலையை எடுத்துக் கரையில் பல்லை வைத்தார்.

தங்கை பதறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். "அப்பா, அது ஒண்ணாவது இருக்கட்டுமுங்க."

"எதுக்கு அம்மணி?" என்றார் அப்பா. "பெட்டிக்கா குளுருது?"