சிவமலர் தேடிய பிழை

ரஞ்சன் அழைத்தபோது நான் லண்டன் வெம்பிளி பார்க் நிலையத்தில் ஜூபிலி ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தேன். "அண்ணை, அக்கா போயிட்டா" என்றார். எங்கே போனார் என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது. அப்போதும் நான் நம்பவில்லை. எந்த மருத்துவமனை, யார் சொன்னது, நீங்களே பார்த்தீர்களா என்று துக்க வீட்டுக்காரரைப் போலீஸ்காரன் மாதிரி விசாரித்தேன். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். மூளையில் ரத்தக் கசிவு. வேலைக்குப் புறப்படும்போது வாசலிலேயே விழுந்திருக்கிறார். ரஞ்சன் சிவமலரின் ஒரே தம்பி. அக்காவும் தம்பியும் சில வருடங்களாக முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. எங்காவது கல்யாண வீட்டில் பார்த்தால் சாப்பிட்டாயா என்பதோடு சரி. அதற்குக் காரணமான நாளில் நானும் அந்த வீட்டில் இருந்தேன். அப்படியிருக்க, முதல் அழைப்பை எனக்கு ஏன் செய்தார் என்று ரயில் முழுக்க யோசித்துக்கொண்டே போனேன்.

முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் நினைவு மலரில் நானும் எழுத வேண்டும் என்று வீட்டார் கேட்டார்கள். நான் மதுரைக்காரன். எங்கள் பக்கத்தில் இப்படி மலர் போடும் வழக்கமில்லை. சிவமலர் வீட்டு அலமாரியில் இருந்த மலர்களைத்தான் பார்த்திருக்கிறேன். அவற்றில் இறந்தவர்கள் எல்லோரும் பொறுமைசாலிகள், எல்லோரும் தாராள மனது. அவற்றில் ஒன்றைப் புரட்டியபடி சிவமலரே ஒருமுறை என்னிடம் கேட்டார்: "செத்தாப் பிறகு எல்லாரும் நல்லாக்கள் எண்டால், மற்றாக்கள் எல்லாம் எங்கை போயினம்?" ஆகவே அவரைப் பொறுமைசாலி என்று நான் எழுதப்போவதில்லை. அவரை அறிந்த நீங்களும் நம்ப மாட்டீர்கள்.

ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் கணினிப் பிரிவில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் நிரல் எழுதுபவன், அவர் அதைச் சோதித்துப் பார்ப்பவர். நான் சேர்ந்த முதல் வாரமே என் நிரல் திரும்பி வந்தது. பிழை எதுவும் குறிக்கப்படவில்லை. நேரில் போய்க் கேட்டேன். "வடிவா வேலை செய்யுது. ஏன் வேலை செய்யுது எண்டு தெரியேல்லை. அதான் திருப்பி அனுப்பினனான்" என்றார். இந்தியாக்காரன் என்பதால் என்னைக் குறிவைக்கிறார் என்று எனக்குச் சந்தேகம். பக்கத்து இருக்கை ஆங்கிலேயரிடம் மெல்ல விசாரித்தேன். அவருக்கும் அதே கதிதான் என்று தெரிந்தபின் பாதி நிம்மதி. சிவமலரை மேடம் என்று அழைத்துச் சமாதானம் பேசப் பார்த்தேன். "மேடம் எண்டு கூப்பிட்டால் எதையோ மறைக்கிறியள் எண்டு அர்த்தம்" என்று அதையும் வெட்டிவிட்டார். அன்றிலிருந்து பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன்.

வேலைக்கு வெளியே சிவமலர் தானாக எழுதிய மென்பொருள் ஒன்று உண்டு, அது ரஞ்சனால்தான் தொடங்கியது. ரஞ்சனுக்குக் கடலுக்கடியில் மூழ்கும் விளையாட்டில் பைத்தியம். பழைய டைவ் கம்ப்யூட்டர் ஒன்றை எங்கோ வாங்கி வந்தார். கையில் கடிகாரம்போலக் கட்டிக்கொள்வது. மூழ்கும் ஆழத்தைச் சில வினாடிகளுக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளும். ஆனால் அதைப் படிக்கும் மென்பொருளை அதைச் செய்தவர்கள் கைவிட்டுவிட்டார்கள், புதிய கணினிகளில் அது ஓடாது. தம்பியின் டைவ் பதிவுகள் எல்லாம் அந்தச் சின்னப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டிருந்தன. நீச்சல் தெரியாத, குளியல் தொட்டியைக்கூட நம்பாத சிவமலர், கேபிள் ஒன்றைத் தானே இணைத்து, உள்ளே இருந்த எண்களை வெளியே எடுத்து, எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று துப்பறியத் தொடங்கினார். வார இறுதிகளில் நானும் சேர்ந்துகொண்டேன். எழுதியதை எல்லாம் திறந்த மூலமாக இணையத்தில் போட்டுவிட்டார், யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம். இலவசமாகக் கொடுப்பதில் அவருக்கு என்ன லாபம் என்று எனக்குக் குடைச்சல். கேட்டேன். "ஒளிச்சு வைச்சால் பிழையும் சேர்ந்து ஒளிச்சிடும்" என்றார்.

ஆழத்தைச் சரிபார்க்கக் கடலுக்குப் போக வேண்டுமே என்றேன். அவர் பிரஷர் குக்கரை எடுத்தார். பாதி தண்ணீர் ஊற்றி, டைவ் கம்ப்யூட்டரை உள்ளே போட்டு மூடி, ஆவி போகும் துளையில் சைக்கிள் பம்பைப் பொருத்தி என்னை அடிக்கச் சொன்னார். வெயிட் தூக்கும் வரை காற்று ஏற்றினால் ஏறக்குறைய பத்து மீட்டர் ஆழத்தின் அழுத்தம். வியர்க்க வியர்க்க அடித்தேன். வெளியே எடுத்துப் படித்தபோது ஒன்பதரை என்று வந்தது. எனக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. அவரோ மென்பொருளை விட்டுவிட்டு, குக்கரின் வெயிட்டைச் சந்தேகப்பட்டு அடுத்த வாரம் வேறு குக்கர் வாங்கி வந்தார். "மனசுக்குப் பிடிச்ச விடையை ரண்டு தரம் பார்க்கோணும்" என்பது அவர் கொள்கை.

மற்றவர்களும் அவரைச் சந்தேகப்பட்டார்கள். நார்வேயிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் முன்பின் தெரியாதவர்கள் தங்கள் பழைய கருவிகளைச் சோதனைக்கென்று பார்சலில் அனுப்பினார்கள். இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்த அந்த வருடங்களில், கோலியர்ஸ் வுட்டில் தனியாக இருக்கும் யாழ்ப்பாணத்துப் பெண்ணின் வீட்டுக்கு மூழ்கும் கருவிகள் பார்சல் பார்சலாக வந்தால் ஊர் சும்மா இருக்குமா? டூட்டிங்கில் மளிகைக் கடை வரிசையில் அவருடைய சொந்தக்காரர் ஒருவர் என்னை ஓரமாக இழுத்து, அவ ஆருக்குச் சேர்க்கிறா என்று காதோடு கேட்டார். கடைசியில் சாதாரண உடையில் ஒரு போலீஸ்காரரும் வந்தார். சிவமலர் அவருக்குத் தேநீர் கொடுத்து, இணைய முகவரியையும் எழுதிக் கொடுத்தாராம். எல்லாம் வெளியில்தான் கிடக்கிறது, பிழை கண்டால் சொல்லுங்கள் என்றாராம். அந்த மனிதர் திரும்பி வரவில்லை. வராததும் சிவமலருக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

இனி, அக்காவையும் தம்பியையும் பிரித்த அந்த விபத்து. ரஞ்சன் தேறி, தன் டைவிங் கிளப்பில் கற்றுக்கொடுக்கும் தகுதி பெற்று, கிடங்கு வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக அதில் இறங்கியிருந்தார். ஒரு மார்ச் மாதம், தண்ணீர் நிரம்பிய பழைய கல்குவாரி ஒன்றில் பீட்டர் என்ற கிளப் உறுப்பினரோடு ஜோடியாக மூழ்கினார். ஆழத்திலிருந்து மெல்ல மெல்லத்தான் மேலே வர வேண்டும். பாய்ந்து வந்தால் ரத்தத்தில் குமிழி கட்டும். பீட்டர் மேலே வந்த சிறிது நேரத்தில் தோள் வலியால் துடித்தார். சிகிச்சைக்குப் பிறகும் வலது கையை முழுதாகத் தூக்க முடியவில்லை. ரஞ்சன்தான் தன்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே பாய்ந்தார் என்றார் பீட்டர். பீட்டர் பயந்து தனியாகப் பாய்ந்தார், நான் முறைப்படி மெதுவாக வந்தேன் என்றார் ரஞ்சன். பீட்டரின் கருவியில் பேட்டரி செத்துக் கிடந்தது. மிச்சமிருந்த ஒரே சாட்சி ரஞ்சனின் பழைய டைவ் கம்ப்யூட்டர். அதைப் படிக்கத் தெரிந்த ஒரே மென்பொருள் அக்காவுடையது.

மென்பொருள் ரஞ்சன் பக்கம் பேசியது. அழகான கோடு, படிப்படியாக ஏறி, மேற்பரப்புக்குக் கீழே சில நிமிடம் நின்று, பிறகு வெளியே. கிளப் அதை ஏற்றுக்கொண்டது. பீட்டரைப் பொய்யர் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அவரோடு மூழ்க யாரும் முன்வரவில்லை. அக்கா எழுதிய மென்பொருள் தம்பியைக் காப்பாற்றினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு உள்ளூர ஓர் அரிப்பு. யாரும் எதுவும் நினைக்கவில்லை, சிவமலரைத் தவிர.

ஆழ எண்களுக்கு நடுவே, எங்களுக்குப் பொருள் தெரியாத ஓர் எண் விட்டுவிட்டு வரும். எல்லோரும் அதைத் தாண்டிப் போய்விடுவோம். சிவமலர் அதே மாதிரிக் கருவி ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியிலும் வெந்நீரிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். அந்த எண் தண்ணீரின் வெப்பம். பிறகு தம்பியின் டைவை மறுபடி எடுத்தார். கீழே போகும் வரை ஐந்து டிகிரி. மேலே ஏறும்போது திடீரென்று இருபது.

இந்தப் பழைய கருவிகளுக்கு நினைவகம் சிறிது. வட்டத் தட்டின் விளிம்பில் எழுதுவதுபோல, இடம் முடிந்தால் பழையதன் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும். குவாரி டைவ் முடிந்த இடத்தை அடுத்து, முந்தைய வருடம் ரஞ்சன் மால்டாவின் வெதுவெதுப்பான கடலில் மூழ்கியதன் மிச்சம் அழியாமல் கிடந்திருக்கிறது. மென்பொருள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் அந்த மிச்சத்தையும் சேர்த்துப் படித்துவிட்டது. இடையில் மேல்நோக்கித் துள்ளிய சில புள்ளிகளை அழுக்கென்று எண்ணித் துடைத்தும்விட்டது. மெதுவாக ஏறிய அந்த அழகான கோடு மால்டாவினுடையது. ரஞ்சன் உண்மையில் மேலே வந்தது துடைத்த அந்தச் சில புள்ளிகளில்தான் இருந்தது.

ஒரு சனிக்கிழமை மதியம் தம்பியை வரச்சொன்னார். சாட்சி வேண்டுமென்று என்னையும் கூப்பிட்டார். ரஞ்சன் டூட்டிங்கில் மீன் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு சிரித்தபடி வந்தார். சிவமலர் திரையைக் காட்டி, மார்ச் மாதத்துக் குவாரித் தண்ணீர் எப்படிச் சூடானது என்று மட்டும் கேட்டார். ரஞ்சன் என்னைப் பார்த்தார், மென்பொருள் பிழை விடாதா என்று கேட்டார். விட்டது, அதனால்தான் நீ தப்பினாய் என்றார் அக்கா.

"விடு அக்கா. உங்கள் ரண்டு பேரையும் தவிர ஒருத்தருக்கும் தெரியாது."

"அந்த மனுசன் கையைத் தூக்கேலாமல், பொய்யன் எண்ட பேரோடை திரியிறார். அந்தப் பொய்யைச் சொன்னது நான் எழுதினது."

"நீ ஆரைத்தான் நம்பினனி? இப்ப என்னையும் பிடிச்சிட்டாய். சந்தோசமாயிரு" என்று சொல்லிவிட்டு ரஞ்சன் எழுந்து போனார். கதவு அறைந்த சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. உடன்பிறந்தவர்களுக்குள் ஏதாவது பழைய கணக்கு இருக்குமோ என்று எனக்குத் தோன்றியது. தம்பி மேல் கோபமா என்று கேட்டும்விட்டேன். "அவன் சின்னனிலையே நல்லாப் பொய் சொல்லுவான். அம்மாட்டை அடி விழாமல் காப்பாத்துறது நான்தான்" என்றார். ரோல்ஸ் யாரும் தொடாமல் மேசையிலேயே கிடந்தது.

திங்கட்கிழமை கிளப்புக்கும், மென்பொருளைப் பயன்படுத்துவோரின் மின்னஞ்சல் குழுவுக்கும் ஒரே கடிதம் போனது. பிழை என்னுடையது என்று தொடங்கி, மென்பொருள் எங்கே தவறியது, எப்படித் திருத்தியாயிற்று என்பதோடு முடிந்தது. தம்பியைப் பற்றி ஒரு சொல் இல்லை. கிளப் பீட்டரிடம் மன்னிப்புக் கேட்டது. ரஞ்சனின் கற்பிக்கும் தகுதி போயிற்று. மறுபடியும் கிடங்கு, மறுபடியும் ஷிப்ட். அக்கா வீட்டுப் படி அதன்பின் அவர் ஏறவில்லை.

தகன நிலையத்துக்கு பீட்டரும் வந்திருந்தார். இடது கையால் பூவைப் போட்டுவிட்டு, யாரிடமும் பேசாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். எல்லாம் முடிந்து கார்கள் நின்ற இடத்துக்கு வந்தபோது ரஞ்சன் என் கையைப் பிடித்துக்கொண்டார். முதல் அழைப்பு எனக்கு ஏன் வந்தது என்பது அப்போதுதான் விளங்கியது.

"அண்டைக்கு நான் போன பிறகு அக்கா என்ன செய்தவ, அண்ணை? உடனை குந்தியிருந்து எழுதினவவோ?"

இதை அவனிடம் சொல்லாதீர்கள் என்று சிவமலர் எனக்குக் கட்டளையிட்டிருந்தார். சொன்னால் மன்னிப்புக் கேட்டதுபோல ஆகிவிடும், தான் செய்தது சரிதான் என்றார். அவர் இருக்கும்வரை காப்பாற்றினேன். இனி அதைக் காப்பாற்றி யாருக்கு என்ன பயன்?

சொன்னேன். உடனே எழுதவில்லை. மறுநாள் ஞாயிறு காலையிலேயே என்னை மறுபடி வரச்சொல்லிவிட்டார். நீங்கள் ரஞ்சனின் வக்கீல், நான் கண்டுபிடித்தது தவறு என்று வாதாடுங்கள் என்றார். அந்த எண் வெப்பமாக இல்லாமல் பேட்டரியின் அளவாக இருக்கலாமே என்றேன். பேட்டரியை மாற்றி மாற்றிப் பார்த்தார். இல்லை. அந்தக் கருவி மட்டும் பழுதாக இருக்கலாம் என்றேன். பார்சலில் வந்த அதே மாதிரிக் கருவிகளை எல்லாம் பனிக்கட்டித் தண்ணீரில் போட்டார். இல்லை. குவாரியின் சொந்தக்காரருக்கே போன் செய்து, உங்கள் தண்ணீரில் எங்காவது வெந்நீர் ஊற்று உண்டா என்று கேட்டார். அந்த மனிதர் சிரித்திருக்க வேண்டும். இவர் சிரிக்காமல் நன்றி சொல்லி வைத்தார். மாலையில் என்னிடம் வாதம் தீர்ந்துபோயிற்று. இன்னும் ஏதாவது சொல்லுங்கோ, சொல்லுங்கோ என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு பிழை போதும். எனக்கு ஒரே ஒரு பிழை காணும்" என்று சொல்லி அழுதார்.

ரஞ்சன் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். பிறகு வாய்விட்டு அழுதார். அழுது முடித்து அவராகவே சொன்னார். குளிரில் அவருடைய காற்றுக் குழாய் உறைந்து, காற்றெல்லாம் வெளியே கொட்டத் தொடங்கியதாம். பயத்தில் பீட்டரைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே பாய்ந்துவிட்டாராம். பயந்துபோனேன் என்று சொல்ல வெட்கப்பட்டு ஒரு பொய், அதைக் காப்பாற்ற இன்னும் பல. சொல்லிவிட்டு, கடைசி வரிசைக்காரர் தன் காரைத் திறந்துகொண்டிருந்த இடத்துக்கு நடந்து போனார். இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. பீட்டர் நெடுநேரம் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

திரும்பி வந்து, "இதை மலரிலை எழுதுங்கோ. என்ர பேரைப் போட்டே எழுதுங்கோ" என்றார். துக்கத்தில் சொல்லும் பேச்சை நான் நம்புவதில்லை. ஒரு வாரம் கழித்துக் கேட்டேன், அதையே சொன்னார். அச்சுக்குக் கொடுக்கும் முன் எழுதியதைப் படித்தும் காட்டினேன். கிடங்கு என்று நான் எழுதிய இடத்தில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு இருக்கட்டும் என்றார்.

அவருடைய மென்பொருளை இனி நான் பார்த்துக்கொள்வேன். அது எல்லோருக்கும் பொது. எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த ஞாயிற்றுக்கிழமையை. தம்பிக்காகத் தன்னையே பிழையாக்கப் பகல் முழுக்கப் பாடுபட்டு, முடியாமல், மறுநாள் உண்மையை எழுதிய ஒரு பெண்ணை நான் என் கண்ணால் பார்த்தேன். அவர் தம்பியை நேசித்தார். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.