சத்தம் நின்ற விமானம்

மூன்று வருடங்களுக்கு முன், ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பாரிசுக்குத் தெற்கே ஒரு மணி நேரத் தூரத்திலுள்ள சின்ன விமானத் திடலில் இது நடந்தது.

நான் லாச்சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையலறையில் வேலை செய்கிறேன். வீடு வில்லியே லே பெல்லில். பஸ், பிறகு ஆர்.இ.ஆர். ரயில், பிறகு நாள் முழுக்க நின்றபடி வேலை. அந்தக் கிழமை ஒரு நாள்கூட லீவு கிடைக்கவில்லை. ஞாயிறும் வரச் சொல்லிவிட்டார் முதலாளி. பழைய காலத்து விமானங்களைப் பறக்கவிட்டுக் காட்டும் விழா ஒன்றில் வேலை செய்பவர்களுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கும் ஓடர் கடைக்குக் கிடைத்திருந்தது.

சாப்பாடு ஏற்றிய வான் வண்டியை ஓட்டிய அண்ணை முந்தின வருடமும் அங்கே சாப்பாடு கொண்டுபோனவர். வழி முழுக்க விமானக் கதைதான்.

"முதலாம் உலகப் போரிலை சண்டை பிடிச்ச பிளேன், தங்கச்சி. மற்றதுகள் மாதிரி விசிறி மட்டும் சுத்தாது. எஞ்சினும் சேர்ந்து சுத்தும். ஆமணக்கெண்ணெய் ஊத்தித்தான் ஓட்டுறவங்கள்."

"ஓம் அண்ணை" என்றது ஞாபகம். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப் போனேன்.

மதியம், வேலிக்கு உட்பக்கம் நின்ற மெக்கானிக்குகளுக்குச் சாப்பாடு கொடுக்கப் போனேன். வாசலில் நின்றவர் கையிலிருந்த பெட்டிகளைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். இரட்டைச் சிறகு வைத்த ஒரு சிறிய விமானம் புல்லில் மெதுவாக உருண்டு வந்துகொண்டிருந்தது. அதற்கு பிரேக் கிடையாது. மூக்கு மேலே தூக்கிக்கொண்டிருப்பதால் ஓட்டுபவருக்கு முன்னால் இருப்பதும் தெரியாது. அதனால் சிறகின் இரண்டு நுனியிலும் ஒவ்வொருவர் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பார்கள். இதெல்லாம் பிறகு அறிந்தது. அன்று எனக்குத் தெரிந்தது, எஞ்சின் ஒரு முறை உறுமியது, பிறகு சத்தம் நின்றுவிட்டது என்பது மட்டும்தான்.

சின்ன வயதில் ஊரில் குண்டு போடும் விமானம் வந்தால் பங்கர் குழிக்குள் ஓடுவோம். சத்தம் நின்றால் வெளியே வருவோம். சத்தம் நின்றால் ஆபத்து முடிந்தது என்றுதான் என் உடம்பு பழகியிருந்தது. தலையைக்கூட நிமிர்த்தாமல் விமானத்துக்கு முன்னால் குறுக்கே நடந்தேன்.

பின்னாலிருந்து யாரோ என் ஏப்ரனைப் பிடித்து இழுத்தார்கள். இருவருமாகப் புல்லில் விழுந்தோம். அதே நொடியில் எஞ்சின் மறுபடி வெடித்து உறுமியது. சத்தம் இல்லாதபோதும் அந்த விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. வேகத்தைக் குறைக்க ஓட்டுபவர் ஒரு பட்டனை அமத்தி எஞ்சினை இடைக்கிடை நிறுத்தி நிறுத்தி விடுவாராம். அண்ணை நான் தூங்கும்போது சொன்னது அதைத்தான்.

என்னை இழுத்தவர், வலப்பக்கச் சிறகைப் பிடித்து வந்த வெள்ளைக்காரர். அறுபது வயதிருக்கும். அவர் சிறகை விட்டதும் விமானம் ஒரு பக்கமாகத் திரும்பியது. சிறகு எங்களுக்கு மேலால் போய் வேலிக் கட்டையில் இடித்து, துணி 'சர்' என்று கிழிந்தது. எஞ்சின் அணைந்தது. எங்கும் ஆமணக்கெண்ணெய்ப் புகை.

நான் எழுந்து வேலியோரம் போய் நின்றேன். மற்றப் பக்கச் சிறகைப் பிடித்து வந்தவர்தான் அவர்களுக்குப் பொறுப்பாளர். விமானம் மறைத்ததில் அவர் என்னைக் காணவில்லை. ஓடி வந்து கத்தத் தொடங்கினார்.

"ஏன் விட்டாய்? என்ன நடந்தாலும் விடக்கூடாது என்று தெரியாதா? குளிர்காலம் முழுக்க இதற்காகத்தானே வேலை செய்தோம்!"

அந்த மனிதர் என்னை ஒரு தரம் பார்த்தார். "பார்தோன்," என்று மன்னிப்புக் கேட்டார். "கை வழுக்கிவிட்டது."

நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதம் என் விசா புதுப்பிக்க வேண்டும். அதற்கு வேலைக் கடிதம் வேண்டும். முதலாளிக்கு ஒரு வார்த்தை போனால் எல்லாம் முடிந்தது. பெட்டிகளை வைத்துவிட்டு வானுக்குள் போய்க் குந்தினேன். அந்த விமானம் இன்று பறக்காது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சனம் 'ஓ' என்று ஏமாந்த சத்தம் அங்குவரை கேட்டது.

அரை மணி நேரம் அப்படியே இருந்தேன். பிறகு அண்ணையிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் திகைத்துப்போனார்.

"போய்ச் சொல்லப் போறியோ? வேலை போனால் என்ன செய்வாய்?"

"தெரியாது அண்ணை. அந்தாள் எனக்காகப் பேச்சு வாங்கிக்கொண்டு நிக்குது."

பொறுப்பாளரிடம் போய் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். "மிசியூ, பிழை என்னுடையது. நான் விசிறிக்கு முன்னால் நடந்தேன். அவர் என்னைப் பிடித்தார்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. புல்லில் அப்படியே உட்கார்ந்தார். "உங்களுக்கு அடிபட்டதா, மதாம்?" என்றுதான் முதலில் கேட்டார். கடைக்குச் சொல்வதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. எழுந்து கிழிந்த சிறகருகே போனார். அங்கே அந்த மனிதர் கிழிசலைத் தனியாகச் சரிசெய்துகொண்டிருந்தார். பொறுப்பாளர் துணியின் மறுநுனியைப் பிடித்துக் கொடுத்தார்.

"என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாமே?" என்று அந்த மனிதரிடம் கேட்டேன்.

"விழும்போதுகூட நீங்கள் சாப்பாட்டுப் பெட்டியை விடவில்லை, மதாம். இந்த வேலை உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று விளங்கிவிட்டது" என்றார். என் ஏப்ரன் நாடா அறுந்ததற்கு மன்னிப்பும் கேட்டார்.

வேலை போகவில்லை. விசாவும் வந்தது. இன்றும் அதே ஆர்.இ.ஆரில், அதே களைப்போடுதான் போய் வருகிறேன். உட்கார இடம் கிடைத்துக் கண்ணை மூடினால், சில நாள் அந்தப் புல்வெளி வரும். நூறு வருட விமானத்தைக் கைவிட்டு முன்பின் தெரியாத என்னைப் பிடிக்க அவருக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது. உண்மையைச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் பிடித்தது.