அந்தப் பையை யார் மாட்டினது?

இதை நம்புங்கன்னு நான் யார் காலிலயும் விழப்போறதில்ல. நடந்தது எனக்கு. கூட இருந்தது என் அக்கா. அவளுக்குப் பொய் சொல்ல வராது. எனக்கு வரும், ஆனா இதுல பொய் சொல்லி நான் சம்பாதிக்கப் போறது ஒண்ணும் இல்ல.

பேய்னா நடுராத்திரிதான் வரும்னு நினைச்சிட்டிருந்தவன் நான். எனக்கு வந்தது ஞாயித்துக்கிழமை சாயங்காலம், டீ குடிக்கிற நேரத்துல. வெயில் கூட இன்னும் இறங்கல.

நான் கார் மெக்கானிக். பத்தொன்பது வருஷமா பழைய பெட்ரோல் வண்டிங்கதான் என் பொழப்பு. சத்தத்தைக் கேட்டே வண்டிக்கு என்ன வியாதின்னு சொல்லிடுவேன்னு எனக்கு ஒரு திமிர் உண்டு. அந்தத் திமிர்லதான் அக்காவுக்கு நானே ஒரு பழைய வண்டியைப் பார்த்துப் பிடிச்சேன். அக்கா ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை பாக்குறா. அத்தான் செத்துப்போனதுக்கப்புறம் அந்த வேலைதான் அவளுக்கு எல்லாம். லேப் இருக்கிறது பைபாஸுக்கு அந்தப் பக்கம். தினமும் சிக்னல் இல்லாத ஒரு கிராசிங்கைத் தாண்டணும். லாரிங்க மூச்சு விடாம ஓடுற ரோடு அது.

வண்டியை வித்தவர் வயசானவர், தனியா இருந்தார். பேச்சுல ஒரே முள். டிரைவருக்குப் பக்கத்து சீட்டோட கதவு மட்டும் புது பெயிண்ட்டா இருந்துச்சு. என்ன சார் ஆச்சுன்னு கேட்டேன். "கேட்ல இடிச்சுது. வேணும்னா எடு, வேணாம்னா நடையைக் கட்டு"ன்னார். எஞ்சின் சுத்தமா இருந்துச்சு. எடுத்துட்டேன்.

நாலாவது நாள், புதன்கிழமை. காலைல 8.10க்கு அக்கா போன் பண்ணா.

"டேய்... கிராசிங் நடுவுல வண்டி நின்னுடுச்சுடா. லாரி வந்துடுச்சு..."

விழுந்தடிச்சு ஓடினேன். நாலு பேர் சேர்ந்து வண்டியை ஓரமா தள்ளி வச்சிருந்தாங்க. ரோட்டுல லாரி டயர் தேய்ஞ்ச கறுப்புக் கோடு நீளமா கிடந்துச்சு. பக்கத்து சீட் கதவுக்கும் லாரிக்கும் நடுவுல ஒரு சாண்தான் இருந்துச்சுன்னு ஒருத்தர் சொன்னார். எனக்குப் பயம் வந்தா அது கோபமாத்தான் வெளிய வரும். என் பொறப்பு அப்படி.

உள்ள எட்டிப் பார்த்தேன். டேஷ்போர்டு நடுவுல சோக் குமிழ் முழுசா வெளிய வந்து கிடக்கு.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். பழைய வண்டியில எஞ்சின் குளிர்ந்து கிடந்தா ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். அப்ப அந்தக் குமிழை வெளிய இழுக்கணும். காத்து குறைஞ்சு பெட்ரோல் ஜாஸ்தியா போகும். எஞ்சின் சூடானதும் மறக்காம உள்ள தள்ளிடணும். தள்ளாம ஓட்டினா ஸ்பார்க் பிளக் கரி பிடிச்சு, வண்டி திணறி, நிக்கக்கூடாத இடத்துல நின்னுடும். இதுல ஒரு கூத்து என்னன்னா, அந்தக் குமிழ் பாக்குறதுக்கு கோட் ஸ்டாண்டு கொக்கி மாதிரியே இருக்கும். கைப்பையை அதுல மாட்டிட்டு வர்றவங்களை நான் நிறைய பார்த்திருக்கேன். பை கனத்துல குமிழ் மெல்ல மெல்ல வெளிய வந்துடும். அப்புறம் என்கிட்ட வந்து, காத்தையும் பெட்ரோலையும் கலக்குற கார்புரேட்டரையே மாத்தணுமான்னு கேப்பாங்க.

"பையை இதுலதானே மாட்டின?"

"நான் பையே எடுத்துட்டு வரலடா. டிபன் பாக்ஸ் மட்டும்தான். பின்னாடி இருக்கு பாரு."

"புளுகாதே. குமிழ் என்ன, தானா எந்திரிச்சு வருமா?"

நாலு பேர் முன்னாடி கேட்டேன். அம்மா செத்ததுக்கப்புறம் எனக்குச் சோறு ஊட்டி வளர்த்தவ அவ. என்னைப் பார்த்தா, அவ்வளவுதான்.

ஞாயித்துக்கிழமை வண்டியை என் ஷெட்ல ஏத்தினேன். மறுநாள் காலைல அக்காவுக்கு வண்டி வேணும். மணி 4.10.

ஸ்டார்ட் பண்ணேன். நின்ன இடத்துல ஓடுற ஓட்டம், அதான் ஐடிலிங், கண்றாவியா இருந்துச்சு. குளிர் ஜுரம் வந்தவன் மாதிரி வண்டி உதறுது. ஆக்சிலேட்டரை அமுக்கினா உடனே ஏறல. ஒரு நொடி யோசிக்குது, அப்புறம் இருமிக்கிட்டு ஏறுது. ரப்பர் குழாய் ஒண்ணைக் காதுல வச்சுக்கிட்டு, மறுமுனையை ஜாயிண்ட் ஜாயிண்டா கொண்டு போனேன். எங்கயாவது காத்து இழுத்தா உஸ்ஸுனு கேக்கும். கேக்கல. பிளக் வயரை ஒவ்வொண்ணா பிடுங்கிப் பார்த்தேன். எதைப் பிடுங்கினா எஞ்சின் சத்தம் மாறலையோ, அந்த சிலிண்டர் செத்துடுச்சுன்னு அர்த்தம். நாலுலயும் மாறுச்சு. கடைசியா பிளக்கைக் கழட்டினேன். நாலும் அட்டைக் கரி.

அப்ப பெட்ரோல்தான் ஜாஸ்தி. உள்ள போய்ப் பார்த்தா, சோக் குமிழ் வெளிய இருக்கு. புதன்கிழமை நானே என் கையால தள்ளிவிட்ட குமிழ்.

குமிழைக் கார்புரேட்டரோட இணைக்கிற கேபிள் லூஸா இருக்கும்னு நினைச்சேன். நட்டை இறுக்கினேன். குமிழைத் தள்ளினேன். பிளக்கைச் சுத்தம் பண்ணி மாட்டி, திரும்ப ஸ்டார்ட் பண்ணேன். மணி 4.35. அடடா, தையல் மிஷின் மாதிரி ஓடுச்சு. டீயை எடுத்து ஒரு வாய் குடிச்சேன்.

டிக்... டிக்... டிக்...

எஞ்சின் வால்வைத் தட்டுற டேப்பட் சத்தமா இருக்கும்னு நீள ஸ்க்ரூடிரைவரை எஞ்சின் மேல ஊனி, பிடியில காதை வச்சேன். டேப்பட் ஒழுங்கா இருந்துச்சு. எஞ்சின் வேகத்தைக் கூட்டினேன். எஞ்சின்ல இருந்து வர்ற சத்தம்னா கூடவே வேகமாகணும். இது ஆகல. அதே நிதானம்.

டிக்... டிக்...

சத்தம் எஞ்சின்ல இல்ல. காருக்குள்ள இருந்துச்சு.

பானெட்டைத் தூக்கி நிறுத்தியிருக்கும்போது முன் கண்ணாடி தெரியாது. ஆனா அடியில ஒரு கை அகலத்துக்கு இடைவெளி இருக்கும். குனிஞ்சு அது வழியா பார்த்தேன். டேஷ்போர்டு தெரிஞ்சுது. சீட் காலி.

குமிழ் வெளிய வந்துட்டிருந்துச்சு.

வெடுக்குன்னு இல்ல. மெதுவா. கனமான எதையோ மாட்டினா எப்படி இறங்கி வருமோ, அப்படி. முழுசா வந்ததும் நுனி கீழ தொங்குச்சு. எஞ்சின் திரும்ப உதற ஆரம்பிச்சுது. அந்த உதறலுக்கு ஏத்த மாதிரி... டிக்... டிக்... பையோட பக்கிள் டேஷ்போர்டுல மோதுற சத்தம்.

ஓடிப்போய் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைச்சேன். மணி 4.52.

டிக்... டிக்...... டிக்.........

ஆடிட்டிருந்த ஏதோ ஒண்ணு, மெல்ல அடங்கி நின்னுச்சு.

நீங்களா இருந்தா அந்த இடத்துலயே வண்டியை விட்டுட்டு ஓடியிருப்பீங்க. எனக்கு ஆத்திரம்தான் வந்துச்சு. என் ஷெட்ல, என் கண்ணு முன்னாடி, ஒரு குமிழ் எனக்கே தண்ணி காட்டுதான்னு. கேபிளைக் கார்புரேட்டர்ல இருந்தே கழட்டினேன். குமிழை இழுத்தா காத்தை அடைக்கிற சோக் தகடு, மூடவே முடியாத மாதிரி கட்டுக் கம்பியால மூணு சுத்து முறுக்கிக் கட்டினேன். இனிமே குமிழை யார் எவ்வளவு இழுத்தாலும் எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகாது. அப்படித்தான் நினைச்சேன்.

ரோட்டுல வந்த வியாதியை ரோட்டுலதான் பார்க்கணும். "கிராசிங் வரைக்கும் ஓட்டிப் பார்ப்போம், வா"ன்னு அக்காவைக் கூப்பிட்டேன். வெறும் கையோட வந்தா.

பக்கத்து சீட் கதவு திறக்கல. நானும் இழுத்துப் பார்த்தேன். லாக் போடல, ஆனாலும் திறக்கல. உள்பக்கம் யாரோ பிடிச்சிட்டிருக்கிற மாதிரி கெட்டியா இருந்துச்சு. "சரி, பின்னாடி உக்காரு"ன்னேன்.

மணி 5.40. வண்டி அருமையா ஓடுச்சு. பிக்கப்ல ஒரு குறை சொல்ல முடியாது. "பார்த்தியா?"ன்னேன்.

5.49. கிராசிங். ரெண்டு பக்கமும் பார்த்தேன். ரோடு காலி. ஏறினேன்.

டிக்...

வண்டி திணறுச்சு. பெட்ரோல் வாடை குப்புன்னு மூக்குல ஏறுச்சு. வாய் என்னையும் மீறிக் கத்துச்சு.

"அக்கா, பையை எடு."

பின்னாடி பாக்குற கண்ணாடியில அக்கா தெரிஞ்சா. ரெண்டு கையையும் தூக்கிக் காட்டினா. வெறும் கை.

எஞ்சின் நின்னுடுச்சு.

ரோட்டு நடுவுல.

தூரத்துல ஹாரன். லாரி. எங்க பக்கமா.

குமிழைத் தள்ளினேன். அது திரும்ப இழுத்துச்சு. என் கையோட சேர்த்து.

விட்டேன். பழைய வண்டியில ஒரு வேலை இருக்கு. எஞ்சின் செத்தாலும் ஃபர்ஸ்ட் கியர்ல போட்டு, கிளட்ச்சை விட்டு, சாவியைத் திருப்பிப் பிடிச்சா, பேட்டரி பலத்துலயே வண்டி கொஞ்சம் நகரும்.

போட்டேன். திருப்பினேன்.

கர்ர்... கர்ர்...

ஒரு குதி. இன்னொரு குதி.

கியர் லிவரை யாரோ பின்னால இழுத்தாங்க.

அழுத்திப் பிடிச்சேன். அது நிக்கல. "அக்கா, பிடி."

பின்னாடியிருந்து அக்கா எட்டி, என் கை மேல கையை வச்சு அழுத்தினா. அவ கை சூடு.

என் கைக்குக் கீழ இன்னொரு கை இருந்துச்சு.

ஐஸ்.

கர்ர்... கர்ர்...

ஹாரன் காதைக் கிழிச்சுது.

இன்னும் ஒரு குதி...

லாரி எங்களுக்குப் பின்னால போச்சு. அந்தக் காத்துல வண்டியே ஒரு பக்கம் சாய்ஞ்சு நிமிர்ந்துச்சு.

ரோட்டோரத்துல நின்னோம். எஞ்சின் ஓடல, சாவி என் கையில. அப்பவும் கேட்டுச்சு. டிக்...... டிக்......... அடங்குற வரைக்கும் ரெண்டு பேரும் அசையல. மணி 5.53.

இறங்கி பானெட்டைத் தூக்கினேன். சோக் தகடு இறுக்கி மூடியிருந்துச்சு. கம்பி அறுந்திருந்தாகூட மனசு ஆறியிருக்கும். அறுக்கல. மூணு சுத்தையும் பொறுமையா பிரிச்சு, நேராக்கி, ஏர் கிளீனர் மேல வச்சிருந்துச்சு.

அக்காவைக் கூட்டிக்கிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துட்டுப் போய் பழைய ஓனர் வீட்டு கேட்ல நிறுத்தினேன். அடிக்கிற வேகத்துல போனேன், மறைக்க விரும்பல. அவர் கேட்டைக் கூடத் திறக்கல.

"வித்தது வித்ததுதான். கிளம்பு."

"சோக்குல யாரு சார் பை மாட்டுறது?"

அவர் முகம் செத்துப் போச்சு. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். அப்புறம் மெதுவா சொன்னார்.

"நானும் செகண்ட் ஹாண்டாத்தான் வாங்கினேன். முதல் வாரத்துல இருந்தே குமிழ் வெளிய வரும். என் வீட்டுக்காரிதான் பையை மாட்டுறான்னு திட்டுவேன். இல்லைங்க, இல்லைங்கன்னு சொல்லுவா. நான் நம்பல. போன வருஷம் பைபாஸ் கிராசிங்ல வண்டி நின்னுச்சு. பையை எடுடீன்னு கத்தினேன். ரெண்டு கையையும் தூக்கிக் காட்டினா. வெறும் கை. அப்பதான் லாரி... அவ பக்கத்துக் கதவுல."

தன் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரியில எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தேன். அவ பை கதவுக்குப் பின்னாடி ஆணியில தொங்கிட்டிருந்துச்சு. அன்னைக்கு அவ அதை எடுக்கவே இல்ல."

எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்க போச்சுன்னு தெரியல. வண்டியை நேரா பழைய இரும்புக் கடைக்கு இழுத்துட்டுப் போனேன். அதை நாலா வெட்டி முடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்னேன்.

சாயங்காலம் அக்கா வேலை முடிஞ்சு பஸ்ல வந்தா. அவ செருப்பைக் கழட்டக்கூட விடல.

"என்னை மன்னிச்சிடு அக்கா."

"எதுக்குடா?"

"பைக்கு. நீ மாட்டலைன்னு சொன்னப்ப நான் நம்பல."

கிழவர் சொன்னதுல ஒரு வார்த்தை கூட நான் இன்னும் அவகிட்ட சொல்லல. அக்கா என்னையே பார்த்துட்டிருந்தா. அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னா.

"நேத்து நீ கத்தினப்ப நான் கையைத் தூக்கினேன் இல்ல? அப்ப முன் சீட்லயும் ஒரு பொம்பளை ரெண்டு கையையும் தூக்கினாடா. உன்னைப் பார்த்துத்தான் தூக்கினா. அவ கையிலயும் பை இல்ல."