அம்மா தைத்த நல்வரவு

புது மேட்டித் துணிக்குக் கஞ்சி மணம் உண்டு. கும்பகோணத்துக் கடையில் அளந்து கிழித்துத் தரும் அந்தக் கட்டம் கட்டமான தடித்த துணியை முகத்தருகே கொண்டுபோனால் சோறு வடித்த வாசம் வரும். ஊசி ஏறி இறங்க அந்த வாசம் குறைந்துகொண்டே போய், வேலை முடியும்போது அம்மாவின் கைவியர்வை மட்டும் அதில் மிஞ்சியிருக்கும். "கிராஸ் தையல்" என்பது வேறொன்றுமில்லை, பெருக்கல் குறிதான். கட்டத்துக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போனால் கிளியும் குத்துவிளக்கும் தானாக எழுந்து வரும். "மேல கெடக்குற நூலெல்லாம் ஒரே பக்கம் சாயணும், ஒண்ணு மாறுனாலும் கோணப்பல்லு மாதிரி தெரியும்" என்பாள் அம்மா.

எனக்குப் பத்து வயதான அந்த வருஷம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நாளில், அவள் வாசலில் மாட்டும் ஒரு "நல்வரவு" தைக்க உட்கார்ந்தாள். அவளுடைய ஒரே தம்பி, என் மாமா, சிங்கப்பூர்ச் சம்பாத்தியத்தில் பாபநாசத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். தை மாதம் கிரகப்பிரவேசம். நாலு வயதில் தாயை இழந்த அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அம்மாதான். எங்கள் சொந்தத்தில் புதுவீட்டில் முதல் பால் காய்ச்சுவது வீட்டுக்காரரின் கூடப்பிறந்தவள். ஒரே அக்கா என்பதால் அந்தப் பாலைத் தான்தான் காய்ச்சப்போகிறோம் என்று அம்மா உறுதியாக இருந்தாள். அப்பா மோட்டார் கொட்டகையில் மின்சாரம் தாக்கி இறந்து அப்போது ஒன்றரை வருஷம். அம்மா அதை மறந்துவிடவில்லை. தாலி இல்லாத கழுத்தை ஊர் பார்க்கும், தம்பி பார்க்கமாட்டான் என்று நம்பினாள், அவ்வளவுதான்.

தையல் புத்தகத்தில் இங்கிலீஷ் "வெல்கம்" மட்டுமே இருந்தது. அம்மா என் கணக்கு நோட்டில் தமிழ் எழுத்துகளைக் கட்டம் கட்டமாக வரைந்து பார்த்தாள். "ல்"லின் சுழியும் "வ"வின் வயிறும் கட்டத்துக்குள் அடங்க மாட்டேன் என்றன, நாலு பக்கம் கிழிந்த பிறகே ஒரு வழிக்கு வந்தன. சிவப்பு நூல் சாயம் விடுமென்று முதலில் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டாள். களையெடுக்கப் போய்வந்த கையைத் தவிட்டில் தேய்த்துக் கழுவிவிட்டு, வெளிச்சம் இருக்கும்வரை வாசற்படியில் உட்கார்ந்து தைத்தாள். அன்பளிப்பு கொடுத்தவர் பெயர் இல்லாத பரிசு எங்கள் ஊரில் உண்டா என்ன, சுவர்க் கடிகாரத்தில்கூட எழுதுவார்களே. அம்மாவும் அடியில் பச்சை நூலால் "அக்கா" என்று மட்டும் போட்டாள். "அவனுக்கு நான் அக்காதானே, பேரு எதுக்கு?"

மார்கழிக் கடைசியில் மாமா பத்திரிகையோடு வந்தார். துணியைத் தடவிப் பார்த்து, நிலைப்படிக்கு மேலேயே மாட்டுகிறேன், ஃப்ரேம் நானே போட்டுக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டார். காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டே பிறகு சொன்னார்: "நீ காலைல அவசரப்பட்டு வர வேணாங்க்கா. பத்து மணிக்கு மேல வந்தா போதும். பாப்பாவ மட்டும் முதநாளே அனுப்பிவிடு, அவ குடம் எடுக்கட்டும். பட்டுப்பாவாடை வாங்கி வச்சிருக்கேன்."

"பால் யாரு காய்ச்சுறா?"

"அவளோட அக்கா."

அவர் மனைவியின் அக்காவைச் சொல்கிறார் என்று புரிய அம்மாவுக்குச் சற்று நேரம் பிடித்தது. "சரிப்பா. கெழக்க பாத்து வழியுற மாதிரி பானைய லேசா சாச்சு வைக்கச் சொல்லு" என்றாள். நான் பாவாடை என்ன நிறம் என்று மாமாவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்று நினைத்தால் உடம்பு கூசுகிறது.

கிரகப்பிரவேசத்தன்று முதலில் பசுவும் கன்றும் உள்ளே போயின. பின்னால் குடத்தோடு நான். நிமிர்ந்து பார்த்தேன்: கிளி இருந்தது, விளக்கு இருந்தது, "நல்வரவு" இருந்தது. "அக்கா" இல்லை. அத்தையிடம் கேட்டேன். "ஃப்ரேமுக்கு அளவு பத்தலம்மா, மடிச்சு உள்ள விட்டுட்டாங்க" என்றார். அம்மா தைக்கும்போது கூட உட்கார்ந்து கட்டங்களை எண்ணியவள் நான். அடியில் மூன்று விரற்கடை வெறுந்துணி விட்டிருந்தது எனக்குத் தெரியும். ஆனாலும் வாய் திறக்கவில்லை. மயில்கழுத்து நிறப் பாவாடை அப்படி மின்னியது.

பதினொரு மணிக்கு வந்த அம்மா நேரே சமையல்காரர்கள் பக்கம் போய் வாழைக்காய் நறுக்க உட்கார்ந்துவிட்டாள். கிளம்பும்போதுதான் வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தாள். பஸ்ஸில் வெகுதூரம் வந்த பிறகு, என்னிடம் என்றில்லாமல், "முடிச்சு நல்லாத்தான் போட்டிருக்கேன். உள்ள மடிச்சாலும் அவுந்துபோவாது" என்றாள்.

அதன் பிறகும் சுற்றுவட்டாரத்தில் யார் வீடு கட்டினாலும் அம்மாவிடம்தான் "நல்வரவு" தைக்கச் சொன்னார்கள். அவளும் முகம் கோணாமல் தைத்தாள். அவள் தையல் முன்வாசலுக்கு வேண்டும், அவள் பத்து மணிக்கு மேல் வந்தால் போதும். அடியில் பெயர் போடுவதை மட்டும் விட்டுவிட்டாள்.

இன்று அந்த வீடுகளின் வாசலில் கருங்கல்லில் வெட்டிய பெயர்ப்பலகைகள்; பேட்டரி விளக்கு மினுக்கும் விநாயகர் படங்கள். மாமா வீட்டில் வெள்ளையடித்தபோது கழற்றிய ஃப்ரேம் எங்கே போயிற்றென்று யாருக்கும் தெரியவில்லை. பல வருஷம் மாமாவை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். என் வீட்டில் அம்மாதான் பால் காய்ச்சுவாள் என்று சபதமெல்லாம் செய்தேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

நாலு வருஷத்துக்கு முன் தஞ்சாவூரில் மாடியில் ஒரு வீடு வாங்கினோம். போனில் அம்மாவிடம் சொன்னேன், நீதான் பால் காய்ச்சணும் என்று. "ஒன் மாமியார் என்ன நினைப்பாங்க? வேணாம்மா. நான் மத்தியானமா வர்றேன்" என்றாள். அந்தப் பதிலில் எனக்கு வந்தது வருத்தமல்ல, நிம்மதி. மாமியாரோடு மல்லுக்கட்ட வேண்டாமே என்ற கேவலமான நிம்மதி. சரிம்மா என்று போனை வைத்தேன்.

கிரகப்பிரவேசத்தன்று அவள் காலை ஏழரைக்கே வந்துவிட்டாளாம். கூட்டம் கலையும்வரை கீழ் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள் என்று கீழ்வீட்டு அம்மா பிறகு சொல்லித்தான் தெரியும். போன ஆடியில் அம்மா போய்விட்டாள். அன்று போனில் இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தால் ஏறி வந்திருப்பாள். நான் கூப்பிடவில்லை.