பாறைக்குள்ளே மேகம்

திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்காரர் தனபாலுக்கு இருபது வருசமாகப் பாறையைக் குடைவதுதான் பிழைப்பு. போன மாநிலங்களில் எல்லாம் அந்த ஊர்ப் பேச்சில் முதலில் இரண்டே வார்த்தைகள் கேட்டு வைத்துக்கொள்வார்: தண்ணீர், பாறை. மேகத்துக்கு எந்த ஊரிலும் வார்த்தை கேட்டதில்லை. மழை கொட்டுகிற ஊரில் போர் போட எவன் கூப்பிடுவான்?

கொண்டப்பநாயக்கன்பட்டியில் இங்கிலீஷ் டீச்சர் நித்யஸ்ரீயின் வீட்டில் எழுநூறு அடி இறங்கியும் கல்தூசிதான் பறந்தது. டீ குடிக்க ஆட்கள் ரிக்கை நிறுத்தினார்கள். டீச்சர் மலைமேல் கிடந்த மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா, கிளவுடுங்கிற வார்த்தைக்கு ஆதியில பாறை, குன்றுன்னுதாங்க அர்த்தம். மேகம் பாறைக் குவியலாட்டம் தெரியவும் அந்தப் பேரையே வெச்சுட்டாங்க.”

தூசி அப்பிய முகத்தோடு தனபால் சிரித்தார். “கண்ணுல பாத்து வெச்ச பேரில்லீங்க டீச்சர். அந்த வெள்ளைக்காரன் எங்கியோ போர் போட்டிருக்கான். ரெண்டுக்குள்ளயும் தண்ணி இருக்குதுங்களே!”

டீச்சரின் முகம் மலர்ந்தது. “அப்ப இங்கயும் வந்துருமுங்களா?”

தனபால் டீ டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

“எல்லா மேகமும் பெஞ்சுருதுங்களா?” என்றவர், அடுத்த டிரில் ராடை மாட்டச் சொல்லிக் குரல் கொடுத்தார்.