துவைத்தும் சுருங்காத நெஃபெலின்

கல் பொறுக்கிச் சம்பளம் வாங்குகிறேன் என்றால் யாரும் பெண் கொடுப்பதில்லை. கனிம ஆய்வு என்றால் காபி மட்டும் கொடுக்கிறார்கள். வேலை நிரந்தரமாகுமா என்று நாள் எண்ணிக்கொண்டு திரியும் என் இனத்தாரே, கேளுங்கள். டைல்ஸ் கம்பெனி ஒன்று, நெஃபெலின் என்ற கனிமத்தைத் தேடி என்னைச் சிவன்மலை வட்டாரத்துக்கு அனுப்பியது. சாம்பல் நிறம், எண்ணெய் தடவிய மினுமினுப்பு. சாதாரணப் பாறைகளில் கிடைக்காது. மாத முடிவுக்குள் நல்ல சாம்பிள் போகாவிட்டால் என் வேலை போய்விடும்.

மினுமினுப்பு

காங்கேயத்துக்கு வெளியே ஒரு தறிக்கூடத்து வாசலில் அப்படியொரு கல் கிடந்தது. குப்புறப் படுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். டைல்ஸ் கம்பெனி மேனேஜருக்குப் படமும் அனுப்பினேன். அப்புறம்தான் கைக்குட்டையால் துடைத்தேன். மினுமினுப்பு மொத்தமும் கைக்குட்டைக்கு வந்துவிட்டது. தறிக்கு விடும் எண்ணெய்க் கேனைத் தினமும் அதன்மேல்தான் வைப்பார்களாம். தறிக்கூடத்து அம்மா ரொம்ப நேரமாக என்னைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

“ஏனுங்க, எண்ணெ வேணும்னா கேட்டிருக்கலாமுங்களே, கிண்ணத்துல ஊத்திக் குடுத்திருப்பனுங்க.”

பங்கு

உண்மையான நெஃபெலின் ஒரு விவசாயி கிணறு வெட்டிப் போட்ட கற்குவியலில் இருந்தது. பொடித்து அமிலம் விட்டேன்; கூழாகக் குழைந்தது. சந்தேகமே இல்லை. சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. ‘அபூர்வமான கல்லுங்க’ என்று அவரிடம் சொல்லித் தொலைத்தேன்.

மறுநாள் சாக்கோடு போனால் குவியலைக் காணோம். சொந்தக்காரர்கள் வீட்டு ஷோகேஸுக்கெல்லாம் கல் போய்ச் சேர்ந்திருந்தது. உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றை மட்டும் எனக்கென்று எடுத்து வைத்திருந்தார்.

“அபூர்வம்னு நீங்கதானுங்க சொன்னீங்க. பங்காளிகளுக்குக் குடுக்காம நாம மட்டும் வச்சுக்கிட்டா நல்லாருக்குமுங்களா?”

பரிசோதனை

திருப்பூரில் நண்பனின் பனியன் கம்பெனியில் தங்கியிருந்தேன். அந்த ஒரே துண்டில் சாம்பிள் என்று சீட்டு ஒட்டி, மேனேஜர் விலாசமும் எழுதி, மேஜையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். சாப்பிட்டுத் தூங்கி, மாலையில் வந்து பார்த்தால் மேஜை காலி. அந்த மேஜைக்கு எந்தச் சாம்பிள் வந்தாலும் துவைத்து, அளந்து, ரிப்போர்ட் எழுதி அனுப்பிவிடுவார்களாம். தரம் பார்க்கும் மாரிச்செல்வி தூத்துக்குடிக்காரர். கல்லென்று தெரியவில்லையா என்று கேட்டேன். “எதுவா இருந்தா என்னண்ணே, சாம்பிள்னா துவைக்கணும்லா? நாலு தடவை துவைச்சாச்சு. சுருங்கல, சாயமும் போகல. பாஸ் போட்டு அனுப்பிட்டேன்” என்றார். பாலித்தீன் பையில் போட்டு ‘எம்’ சைஸ் ஸ்டிக்கரும் ஒட்டினாராம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றைக்கே பெட்டியைக் கட்டி வைத்தேன்.

மாதக் கடைசியில் மேனேஜர் போன் செய்தார். நான் வணக்கம் சொல்வதற்குள் அவரே பேசினார்.

“தம்பி, உங்க வேலை நிரந்தரம். இவ்வளவு முழுசா ரிப்போர்ட் இதுவரைக்கும் யாருமே அனுப்பினதில்லை. ஆனா ‘எம்’ சைஸ் நம்ம லேபுக்குப் பத்தாது, ‘எக்ஸெல்’ ஒண்ணு அனுப்புங்க.”

ஐந்து வருடம் பாறையியல் படித்தவனுக்கு வேலையை உறுதி செய்து கொடுத்தது ஒரு வாஷிங் மெஷின் என்று என் கல்லூரியில் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.