காயாத போர்வைகள்

பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டபிறகு நான் வேலை பார்த்த ஊர்களைச் சொன்னால் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கூவுகிற மாதிரி இருக்கும். திருப்பூரில் பனியன் கம்பெனி, ஓசூரில் ஒரு ஹாஸ்டல் சமையலறை, சேலத்தில் ஜவுளிக்கடை, அப்புறம் ஒரு சுங்கச்சாவடி. எல்லா இடத்திலும் தலைக்கு மேலே கேமரா இருந்தது. கூட வேலை பார்த்த பெண்கள் அதைப் பார்த்தால் முதுகை நிமிர்த்திக்கொள்வார்கள். எனக்குச் சிரிப்புதான் வரும். நான் முதலில் பழகிய கேமரா அப்படிப்பட்டது. அது வாய் திறந்து பேசும். குழாயை மூடச் சொல்லும். துணி காய்ந்துவிட்டதா என்று விசாரிக்கும்.

அப்போது மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் இருந்தோம். ஒரு காம்பவுண்டு, அதற்குள் வரிசையாக ஐந்து வீடு, எதிர்ப்பக்கம் குளியலறையும் கக்கூஸும், நடுவில் ஒரே குழாய். வீடு என்றால் ஓர் அறை, ஒரு சமையல் இடுக்கு. கடைசி வீடு எங்களுடையது. முதல் வீட்டில் ஓனர் சாரும் ஓனரம்மாவும்தான் இருந்தார்கள். அவர்கள் மகனுக்கு நாவலூரில் வேலை. பதினாலாவது மாடியில் வீடு வாங்கி இருவரையும் அழைத்துக்கொண்டு போய்விட்டான். போகும்போது ஓனரம்மா குழாயடியில் உட்கார்ந்து எல்லோருடனும் ஒரு மூச்சு சண்டை போட்டுவிட்டுத்தான் காரில் ஏறினார். அது அவருடைய வழக்கம். காய் நறுக்குவதும் சண்டை போடுவதும் குழாயடியில்தான்.

அவர்கள் போன கொஞ்ச நாளில் அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. வாலாஜாபாத்திலிருந்து முதல் பஸ் பிடித்து, ஒரு கட்டைப்பையோடு வந்து நின்றாள். ஒரு பக்கம் கன்னம் வீங்கியிருந்தது. அப்பா அதைப் பார்த்தார், தூக்குவாளியை எடுத்துக்கொண்டு டீ வாங்கப் போய்விட்டார். அம்மா மட்டும், “இனிமே அங்க போவ வேணாம்” என்றாள். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

முடியாத பேச்சு ஓனர் சாருடையது. ஒரு வீட்டுக்கு நாலு பேர், அதற்கு மேல் ஒரு ஆள் தங்கினால் காலி செய்ய வேண்டும் என்பது அவர் சட்டம். செப்டிக் டேங்க் நிரம்பிவிடுமாம். அப்பா, அம்மா, நான், தம்பி என்று எங்கள் கணக்கு ஏற்கெனவே நிரம்பியிருந்தது. இந்த வீட்டையும் விட்டால் வேறு வீடு தேட அப்பாவுக்கு நேரமும் கிடையாது, தெம்பும் கிடையாது. மறைமலை நகரில் ஷிப்ட் முடித்து வந்தால் சட்டையைக் கழற்றுவதற்குள் தூங்கிவிடுவார்.

அத்தை வந்த அதே வாரம் இரண்டு பையன்கள் ஏணியோடு வந்து, கேட்டுக்கு மேலே கேமராவை மாட்டினார்கள். முட்டைபோல வெள்ளையாக, நடுவில் சின்னதாகச் சிவப்பு விளக்கு. அதில் பார்க்கவும் அதன் வழியாகப் பேசவும் முடிகிற போன் ஓனரம்மாவிடம் இருந்தது. நாவலூரில் அவருக்கு வேறு வேலை இல்லை என்று மகன் அந்தப் பொறுப்பைக் கொடுத்திருந்தான். இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. மறுநாள் காலை, மாவு அரைத்து விற்கிற இரண்டாம் வீட்டு அக்கா குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

“டேப்ப மூடுமே! யார் வூட்டுத் தண்ணி?”

மாவு அக்கா பிரஷ்ஷை விழுங்காதது அதிசயம். வானத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். பிறகுதான் குரல் பழகினது என்று தெரிந்து, கேமராவைப் பார்த்து, “ஓனரம்மா, சாமின்னு நெனச்சிக்கினேன், போ!” என்று கத்தினாள். கேமரா வெகு நேரம் சிரித்தது.

காம்பவுண்டே சிரித்தது, எங்கள் வீட்டைத் தவிர. அத்தை அறைக்குள் இருந்தாள். குளியலறை எதிரில் இருந்தது. நடுவில் அந்த முட்டைக்கண்.

அன்றைக்கு அம்மா எங்கள் ஜன்னல் கம்பியிலிருந்து குளியலறைச் சுவர் ஆணி வரைக்கும் கயிறு கட்டி, பெரிய போர்வையை நனைத்துக் குறுக்கே போட்டாள். உடனே மேலேயிருந்து கேள்வி வந்தது.

“அஞ்சாம் நம்பரு, இன்னா இது குறுக்கால? அந்தாண்ட ஒண்ணுமே தெரியலயே.”

“வெயிலு இங்கதான் வுழுது ஓனரம்மா. காயணுமில்ல?”

ஒன்றுமே தெரியவில்லை என்று கேமராவே சொல்லிவிட்ட பிறகு அம்மாவுக்கு வேறென்ன வேண்டும்? அத்தை போர்வைக்குப் பின்னால் நடந்துபோய்க் குளித்துவிட்டு வந்தாள். அன்று முதல் எங்கள் வீட்டில் தினமும் போர்வை துவைக்கும் நாள். தாம்பரம் வெயிலில் போர்வை எத்தனை நேரம் ஈரமாக இருக்கும்? காய்ந்துவிட்டால் ஏன் எடுக்கவில்லை என்ற கேள்வி வரும். அதனால் அம்மா ஒரு மக் தண்ணீரை எடுத்துப் பின்பக்கமாக நின்று ஊற்றுவாள்.

நான்காம் வீட்டில் டீச்சரம்மா இருந்தார். கிறிஸ்தவப் பள்ளிக்கூடம் ஒன்றில் பாடம் நடத்துகிறவர், பொய்யே பேசமாட்டார். ஆனால் அவரிடம் ஒரு பூனை இருந்தது. ஓனர் சாருக்குப் பூனை ஆகாது. ஒரு நாள் டீச்சரம்மா தன் வீட்டுப் போர்வையோடு வந்து, “இதையும் உங்க கயித்துலயே போட்டுக்கலாமா?” என்று கேட்டார். போர்வைக்குள் பூனை இருந்தது. அடுத்து மாவு அக்காவும் ஒரு போர்வையோடு வந்தாள். வியாபாரம் செய்யக்கூடாது என்பதும் ஒரு சட்டம். அவளுடைய மாவு வாளிகள் எங்கள் போர்வைக்குப் பின்னால் போய், பின்சுவரைத் தாண்டி வாடிக்கைக்காரர்களிடம் இறங்கின. கேமராவுக்குத் தெரிந்தது துணி காயும் காம்பவுண்டு. துணிக்குப் பின்னால் ஒரு சின்ன பஜாரே நடந்தது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை தோற்கும்.

அந்தச் சுவர் வழியாகத்தான் அத்தையும் வேலை தேடிப் போனாள். பல்லாவரத்தில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கும் இடத்தில் மிஷின் வேலை கிடைத்தது. முதல் நாள் சுவர் ஏறும்போது புடவை கொக்கியில் மாட்டிக் கிழிந்தது. அத்தை சுவர்மேல் உட்கார்ந்தபடி கிழிசலைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை. மறுநாளிலிருந்து சுடிதார்.

ஆடி பிறந்தது. காற்றைப் பற்றி நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை தலைக்குக் குளித்துவிட்டு, துண்டைக் கொண்டையாகச் சுற்றியபடி வந்துகொண்டிருந்தாள். மாவு அக்கா வாளியோடு எதிரே போனாள். பூனை நடுவில் உட்கார்ந்து முகம் துடைத்துக்கொண்டிருந்தது. ஒரு காற்று வந்து போர்வைகளை மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பக்கத்து மனையின் முருங்கைமரத்தில் மாட்டிவிட்டது. வெட்டவெளி. ஓனர் சாருடைய எல்லாச் சட்டங்களும் ஒரே வரிசையில் நின்றன. அத்தையின் கை துண்டிலேயே உறைந்துவிட்டது. சிவப்பு விளக்கு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் குரல் வந்தது.

“டீச்சரம்மா, டேப்பு சொட்டிக்கினு கீது பாரு. நல்லா திருகி மூடு.”

அவ்வளவுதான். 

அன்றைக்கு அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்துவிட்டாள். காலி செய்யச் சொல்லி ஓனர் சார் போன் செய்வார் என்று அப்பா கையிலேயே போனை வைத்திருந்தார். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. சாக்கிலிருந்து தோசைக்கல் முதலில் வெளியே வந்தது, பிறகு ஒவ்வொன்றாக மற்றவை.

எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. எங்கள் டிவியில் சில சேனல் எடுக்காது. அதைப்போல இந்தக் கேமராவுக்கு எங்கள் அத்தை எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. நம்பாதவர்களை ஒரு சாயங்காலம் கூட்டிவந்து கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, அத்தையைக் கையைப் பிடித்துக் கேமராவுக்கு முன்னால் இழுத்தேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். அதையும் கேமரா கண்டுகொள்ளவில்லை. இரட்டை நிரூபணம்.

பிறகு ஒரு சனிக்கிழமை, யாரும் குழாய்ப் பக்கமே போகாதபோது குரல் வந்தது.

“எல்லாரும் கேட்டுக்கோங்க. சார் காரை எடுத்துக்கினு அங்கதான் வராரு. மேடவாக்கம் தாண்டியிருப்பாரு. டேப்பெல்லாம் மூடி வைங்க.”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நிமிடம் கிரைண்டர் கட்டிலுக்கு அடியில், பூனை டீச்சரம்மாவின் புத்தகப்பையில், அத்தை சுவருக்கு அந்தப்பக்கம்.

ஓனர் சார் வந்ததும் நேராக எங்கள் வாசலுக்கு வந்தார். குனிந்து செருப்புகளைப் பார்த்தார். அத்தை வெறுங்காலோடு குதித்திருந்தாள்.

“இது யாருது?”

“பொண்ணுதுதான் சார். வளர்ற புள்ள, பெருசா வாங்கிட்டோம்” என்றாள் அம்மா. நான் அந்தச் செருப்பில் காலை நுழைத்து, படகோட்டுவதுபோல நடந்து காட்டினேன். அவர் நம்பின மாதிரி இல்லை. கயிற்றைப் பார்த்தார்.

“டெய்லி இத்தினி பெட்ஷீட் எதுக்கு தோய்க்கிறீங்க?”

பொய் பேசாத டீச்சரம்மா என் தலையில் கைவைத்து, மிகவும் வருத்தமாக, “பாப்பா இன்னும் படுக்கையில போயிடுதுங்க சார்” என்றார்.

“மூணு வூட்டு பெட்ஷீட்டும் கீதே?”

“எங்க வூட்லதான் சார் படுத்துக்கும்” என்றாள் மாவு அக்கா. “ஒரு வூட்ல தங்காது.”

அந்தக் காம்பவுண்டின் அத்தனை போர்வைகளையும் நான் ஒருத்தியே நனைப்பதாக முடிவானது. ஓனர் சார் என்னைப் பார்த்து, டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அழுதேன். சுவருக்கு அந்தப்பக்கம் அத்தை சிரிப்பை அடக்க முடியாமல் இருமியது எனக்குக் கேட்டது.

கிறிஸ்துமஸ் வந்தது. டீச்சரம்மா வீட்டில் கல்கல் என்கிற இனிப்பும் அச்சு முறுக்கும் போட்டார்கள். எல்லோரும் வாசலில் இருந்தபோது ஒரு ஆட்டோ வந்து நின்று, அதிலிருந்து ஓனரம்மா இறங்கினார். அத்தை உள்ளே ஓட நேரமில்லை. கல்கல் தட்டோடு அப்படியே நின்றாள். ஓனரம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“சொவரு ஏறுறப்போ அந்த மூலைல கால வைக்காதமா. செங்கல்லு ஆடுது.”

மாவு அக்கா சிரிக்கத் தொடங்கி, அது அம்மாவுக்குத் தொற்றி, காம்பவுண்டே அதிர்ந்தது. அத்தை தட்டைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரித்தாள் என்றுதான் அப்போது நினைத்தேன். எனக்கு மட்டும் ஏமாற்றமாக இருந்தது. அத்தையை எடுக்காத கேமரா என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தேனே.

ஓனரம்மா உட்காரவில்லை. கேமராவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அதைப் பார்க்கிற போனைத் தன்னிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னாராம் சார். ஓனரம்மா ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தாளா என்று, தூங்கி எழுந்ததும் அதில் பார்ப்பாராம். சர்க்கரை இருப்பதால் இனிப்பைத் தொடக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினாராம்.

“பெட்ஷீட்டு போட்ருக்கீங்கல்ல?” என்று கேட்டபடி எங்கள் போர்வைக்குப் பின்னால் போய், ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். பெண்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். கல்கல் கை மாறியது. ஓனரம்மா வாய் ஓயாமல் பேசினார். பதினாலாவது மாடியில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்து அவர் பார்த்ததே இல்லையாம். மாவு அக்காவிடம் ஒரு பழைய சண்டையைத் தோண்டியெடுத்துப் புதிதாகப் போட்டார். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

“கேமரா உங்களுதுதானே ஓனரம்மா, நீங்க ஏன் ஒளிஞ்சிக்கிறீங்க?” என்று கேட்டேன். அம்மா தொடையில் கிள்ளினாள்.

ஓனரம்மா வாயில் கல்கல் இருந்தது. “பெட்ஷீட்டு காஞ்சிடுச்சா பாரு கண்ணு” என்றார்.

தொட்டுப் பார்த்தேன். மொறமொறவென்று காய்ந்திருந்தது. “காஞ்சிடுச்சு” என்றேன்.

அத்தை எழுந்து போய், ஒரு மக் தண்ணீரைக் கொண்டுவந்து, மேலிருந்து கீழ் வரை நிதானமாக ஊற்றினாள். அத்தைதான் வெளியே வந்துவிட்டாளே, இனி யாருக்காகப் போர்வையை நனைக்கிறார்கள் என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை.